விருந்தாளியும் விசாவும்



தமிழ்நாட்டை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளுக்கு இருவகை விருந்தினர் வருவதுண்டு. ஊரிலிருந்து இரயிலேறி வருவோர் ஒருவகை. கடல் கடந்து விமானமேறி வருவோர் மற்றொரு வகை. முன்னவருக்குப் பாயும் தலையணையும் போதும். பின்னவருக்கு அவற்றோடு ஒரு தாளும் வேண்டும். அதற்கு விசா என்று பெயர். அந்தத் தாள் விருந்தாளியை மட்டுமே பொறுத்தது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அவ்வாறன்று, விருந்தேற்பவருக்கும் அதில் பங்குண்டு என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மும்பை மாநகரை எடுத்துக்கொள்வோம். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த குடும்பங்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றன. மாதுங்காவில் அலுவலகங்களை நம்பி வந்தவர்கள் கோயிலும் சபையும் பள்ளியும் கண்டார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-லேயே அங்கே தோன்றிவிட்டது. பின்னர் வந்த தலைமுறையில் பலர் செம்பூரை இருப்பிடமாகக் கொண்டனர். இம்மூன்று பகுதிகளிலும், அயல் நாட்டில் ஓர் உறவினரேனும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. ஒருவருக்கு மலேசியாவில் தமையன். மற்றொருவருக்கு இலங்கையில் மைத்துனர். வேறொருவருக்கு அமெரிக்காவில் மகள்.

இவர்களுள் யார் அயல் நாட்டார்? வளைகுடா நாட்டில் இருபது ஆண்டுகள் உழைத்தாலும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகன் இந்தியக் குடிமகனே. அவன் தாயகம் வருவதற்கு விசா வேண்டா. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகள், நம் வீட்டில் பிறந்து வளர்ந்தவளே ஆயினும், சட்டத்தின் கண்ணில் அயல் நாட்டவளே. ஏனெனில் நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. உறவு வேறு, குடியுரிமை வேறு. முதலாவது இரத்தத்தால் வருவது. இரண்டாவது ஏட்டால் வருவது. இவ்வேறுபாட்டை மனம் ஏற்க மறுப்பதே பல இன்னல்களுக்கு மூலம்.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவன் என்ற முறையில் விசா என்னும் சொல்லைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்ல அநுமதி வேண்டுகிறேன். அது இலத்தீன் மொழிச் சொல். ‘பார்க்கப்பட்டது’ என்பது பொருள். வருகிறவருடைய தாளை இந்நாட்டு அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம் அது. கடவுச்சீட்டு அவருடைய நாடு கொடுப்பது. விசா நம் நாடு கொடுப்பது. அதனைத் தமிழில் நுழைவிசைவு என்று வழங்குகிறோம். நல்ல சொல்தான். எனினும் நுழைவதற்கு இசைந்ததோடு வேலை முடிந்தது என்ற மயக்கத்தை அது தந்துவிடுகிறது. உண்மையில் விசா நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லும் தாள். எதற்காக வருகிறீர்? எத்தனை நாள் இருப்பீர்? எங்கெங்கே செல்வீர்? எவர் வீட்டில் தங்குவீர்? இந்த நான்கிற்கும் விடை தெரிந்த குடும்பத்திற்கு அச்சமில்லை.

இத்தகைய கட்டுப்பாடு நேற்று முளைத்ததன்று. கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரத்தில் முத்திரை அதிகாரி ஒருவர் பேசப்படுகிறார். ஒரு மாஷம் என்னும் சிறு நாணயத்தைப் பெற்றுக்கொண்டு, நாட்டினுள் வரவும் வெளியே செல்லவும் முத்திரைச் சீட்டுக் கொடுப்பது அவர் கடமை. அதே நூலில் நகர ஆட்சி பற்றிய பகுதியில் இன்னொரு விதி இருக்கிறது. தம் வீட்டுக்குப் புதியவர் வந்தாலும், வந்தவர் புறப்பட்டுச் சென்றாலும், வீட்டுக்காரர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அறிவியாமல் விட்டு அன்றிரவு களவு முதலியன நிகழ்ந்தால் அப்பழி வீட்டுக்காரரையும் சாரும். ஒன்றும் நிகழாவிட்டாலுங்கூட மூன்று பணம் தண்டம். விருந்தினரைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மீது வைத்த அந்த எண்ணம் இன்றைய சட்டத்திலும் உயிரோடிருப்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

நவீன காலத்தில், முதல் உலகப் போருக்குப் பின் 1920-ல் கடவுச்சீட்டுச் சட்டமும், இரண்டாம் போர் மூண்ட 1939-ல் அயல் நாட்டார் பதிவுச் சட்டமும், 1946-ல் அயல் நாட்டார் சட்டமும் இயற்றப்பட்டன. நம்மவர்க்கு இதன் சுமை முதலில் தெரிந்தது இலங்கைப் பிரயாணத்திலேதான். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவது ஒரு காலத்தில் அடுத்த ஜில்லாவுக்குப் போவது போன்றிருந்தது. 1948-ல் இலங்கை அரசாங்கம் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தை இயற்றியபின், அண்ணன் தம்பியைக் காணக் கடவுச்சீட்டும் விசாவும் இன்றியமையாதனவாயின. கடலின் அகலம் மாறவில்லை. சட்டத்தின் அகலம் மாறிற்று.

மேலே கூறிய இந்தியச் சட்டங்கள் மூன்றும், விமான, கப்பல் நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பொழுது நீக்கப்பட்டுவிட்டன. அவற்றிற்கு ஈடாக 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் அயல் நாட்டார் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்துள்ளது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நாட்டினுள் நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும், விசாக் காலம் முடிந்தபின் தங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் மூன்று இலட்சம் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இவை உச்ச வரம்புகள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவும் விதிக்கப்படும் என்பதன்று. ஆயினும் இது விளையாட்டுக் காரியமன்று என்பது இவற்றால் விளங்கும்.

இனி, முதற் கேள்வி: எதற்காக? சுற்றுலா விசாவில் வருகிறவர் ஊர் பார்க்கலாம், உற்றாரைக் காணலாம், கோயில் குளங்களைத் தரிசிக்கலாம். ஊதியம் பெறும் வேலை மட்டும் செய்யலாகாது. எங்கே நூலிழை பிசகும் என்பதை நம் மூன்று பகுதிகளிலிருந்தே காட்டுகிறேன்.

மாதுங்காவுக்கு அயல் நாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள். ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு மாதம் கீர்த்தனை கற்க விரும்புகிறாள். இதற்குத் தடையில்லை. இசை, நடனம், மொழி, கைவினை போன்றவற்றில் ஆறு மாதத்திற்கு மேற்படாத, தகுதிச் சான்றிதழ் வழங்காத குறுகிய காலப் பயிற்சியை விதி அநுமதிக்கிறது. ஆனால் அவள் குரலினிமையைக் கேட்ட ஒருவர், “எங்கள் வீட்டுக் கலியாணத்தில் பாடு, இவ்வளவு தருகிறேன்” என்று அழைத்தால், அந்தச் சன்மானம் அவளை விதிக்குப் புறம்பாக்கிவிடும். சன்மானம் என்று பெயரிட்டாலும், வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும், ஊதியம் ஊதியமே.

தாராவிக்கு வருகிறவர் ஓர் இளைஞர். மாலைப் பாடசாலையில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முன்வருகிறார். பணமோ வேறு கைம்மாறோ பெறாமல், ஒரு மாதத்திற்கு மேற்படாமல் செய்யும் தொண்டுக்கு இடமுண்டு. அதே இளைஞர் ஒளிப்படக் கருவியுடன் வந்து தாராவி வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்க முனைந்தாலோ, பத்திரிகைக்காகச் செய்தி திரட்டினாலோ, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக வீடுவீடாகச் சென்று வினவினாலோ, சுற்றுலா விசா போதாது. ஒவ்வொன்றிற்கும் தனி விசா உண்டு. அவருக்கு வழிகாட்டிச் செல்கிற நம் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் நலம்.

செம்பூர் முருகன் கோயிலுக்குப் படியேறிச் சென்று வழிபட எந்த விசாவும் தடையாகாது. பிறர் நிகழ்த்தும் சமயச் சொற்பொழிவைக் கேட்பதற்கும் தடையில்லை. ஆயின் எச்சமயத்தவராயினும், வந்த இடத்தில் தாமே மேடையேறிச் சமயப் பிரசாரம் செய்தலும், மதமாற்ற முயற்சியில் ஈடுபடுதலும் விலக்கப்பட்டுள்ளன.

இரண்டாம் கேள்வி: எத்தனை நாள்? இங்கேதான் மிகப் பலர் இடறுகின்றனர். 2014 நவம்பர் 27 முதல், பல நாட்டினர் தூதரக வாயிலில் நில்லாமல் இணையத்தின் வழியே விசாப் பெறும் வசதி வந்தது. முப்பது நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூவகைச் சுற்றுலா இணைய விசா இன்று வழங்கப்படுகிறது. முப்பது நாள் விசாத் தாளில் ஒரு முடிவு நாள் அச்சிடப்பட்டிருக்கும். அந்நாளுக்குள் இந்தியாவில் வந்திறங்க வேண்டும் என்பதே அதன் பொருள். முப்பது நாட் கணக்கு, முதல் முறை வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்கும். ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களிலோ, விசா செல்லும் காலம் ஒன்று. ஒவ்வொரு வருகையிலும் தங்கத்தக்க நாள் வேறொன்று. அது நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆதலால் பக்கத்து வீட்டுக்காரரின் விருந்தாளி எத்தனை நாள் இருந்தார் என்பது நமக்குக் கணக்காகாது.

நான் அறிந்த தாராவிக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். தென்கிழக்காசிய நாடொன்றிலிருந்து ஒரு முதியவர், பதினேழு ஆண்டுகள் கண்ணாற் காணாத தம் தங்கையைப் பார்க்க வந்தார். கையில் ஐந்தாண்டு விசா. “ஐந்து வருஷத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், அண்ணா, அவசரம் என்ன?” என்றாள் தங்கை. ஒரு வருகைக்குத் தொடர்ந்து தொண்ணூறு நாள் என்று அதே தாளில் கண்ட சிறிய எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை. நூற்றுப் பதினோராம் நாள் விமான நிலையத்தில் அவர் நிறுத்தப்பட்டார். வெளியேறும் அநுமதி பெற்று, அபராதம் கட்டி, புதிதாகப் பிரயாணச் சீட்டு வாங்குவதற்குள் தங்கையின் கைவளை அடகுக் கடைக்குச் சென்றுவிட்டது. அங்கே அவருடைய பேத்தியின் காதணி விழா அவரில்லாமலே நடந்தேறியது. அவர் எக்குற்றமும் எண்ணியவரல்லர். அன்பு மிகுதியால் இருபத்தொரு நாள் கூடத் தங்கினார், அவ்வளவே. ஆனால் சட்டம் நாட்களை எண்ணுமேயன்றி அன்பை எண்ணாது.

சுற்றுலா இணைய விசாவைச் சாதாரணமாக நீட்டித்துத் தரமாட்டார்கள். வேறுவகை விசாவாக மாற்றியும் தரமாட்டார்கள். “இங்கே வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்பது நம் நாட்டில் எல்லாக் காரியத்துக்கும் சொல்லப்படும் ஆறுதல். இக்காரியத்துக்கு அது உதவாது.

மூன்றாம் கேள்வி: எங்கே? மும்பையிலோ, மதுரையிலோ, மாமல்லபுரத்திலோ சுற்றிவரத் தனி அநுமதி வேண்டா. ஆனால் எல்லைப்புறப் பகுதிகள் சிலவற்றிற்கு விசாவுக்கு மேலும் ஓர் அநுமதிச் சீட்டு வேண்டும். சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு விருந்தாளியையும் அழைத்துக்கொண்டு மலைநாடு புறப்படுவோர், நமக்குத் திறந்த வழி அவருக்கும் திறந்ததே என்று கருதலாகாது. அருகிலுள்ள இடங்களிலும் எச்சரிக்கை வேண்டும். செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அத்தகைய காப்பிடங்களைப் படம் பிடிப்பது நமக்கே தடை; அயல் நாட்டவர் கையில் கருவி இருந்தால் ஐயம் இருமடங்காகும். மேலும், செயற்கைக்கோள் வழி பேசும் தொலைபேசியை முன்னநுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டு வரக்கூடாது. மலையேறுவோரும் படகோட்டுவோரும் அறியாமல் எடுத்து வந்து விமான நிலையத்தில் அகப்பட்டுக்கொள்வதுண்டு. அழைப்புக் கடிதம் எழுதும்போதே இதையும் ஒரு வரி எழுதிவிடலாம்.

நான்காம் கேள்வியே நமக்கு நேரே உரியது: எவர் வீட்டில்? அயல் நாட்டாருக்குத் தங்க இடம் கொடுப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். நெடுங்காலம் இது ‘சி’ படிவம் என்று வழங்கி வந்தது. பெரிய விடுதிகளில் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துப் படியெடுத்துக்கொள்வது இதற்காகவே. ஆனால் விடுதிக்கு மட்டுமே உரிய கடமை இதுவன்று. தர்மசாலைக்கும் உண்டு, தனி வீட்டுக்கும் உண்டு. செம்பூரில் ஐந்தறை வீட்டில் இருப்பவருக்கும், தாராவியில் பத்தடி அறையில் இருப்பவருக்கும் விதி ஒன்றே. அர்த்தசாஸ்திரத்து வீட்டுக்காரரின் கடமை இன்று இணையத்தில் நிரப்பும் படிவமாக வந்து நிற்கிறது. அதை நிரப்பக் கட்டணமில்லை. கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் விவரம், வந்த நாள், புறப்படும் நாள், வீட்டு முகவரி ஆகியவை கையிலிருந்தால் படித்த பிள்ளை ஒருவன் அரைமணியில் முடித்துவிடுவான்.

இதைக் கேட்டதும் இருவகை மறுப்பு எழக்கூடும். “என் அத்தை மகன் என் வீட்டுக்கு வருவதைப் போலீசுக்கு ஏன் சொல்ல வேண்டும்?” என்பது ஒன்று. இது மானத்தின் குரல். “அதிகாரியிடம் போனால் வீட்டைப் பற்றிக் கேட்பார்களே, வாடகைச் சீட்டைக் கேட்பார்களே” என்பது மற்றொன்று. இது அச்சத்தின் குரல். வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள் அரசாங்க அலுவலகத்தைக் கண்டு ஒதுங்குவதன் காரணம் எனக்குப் புரியாமலில்லை. மொழி தெரியாது, படிவம் புரியாது, ஒருவர் கேட்கும் கேள்விக்கு மற்றொருவர் விடை சொல்ல நேரும். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அறிவித்தவருக்கு அத்துடன் முடிந்தது. அறிவியாதவருக்கோ, விருந்தாளி நோயுற்றாலும், கடவுச்சீட்டைத் தொலைத்தாலும், சிறு விபத்தில் சிக்கினாலும், “இவர் எங்கே தங்கியிருந்தார்? ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் மறைத்தவர் போல ஆகிவிடுவதே இதிலுள்ள பெருங்கொடுமை. அச்சமே அச்சத்திற்கு வித்தாகிறது.

இடுக்கண் நேர்ந்தால் செய்வது என்ன? கடவுச்சீட்டு தொலைந்தால், அருகிலுள்ள காவல் நிலையத்தில் முறையீடு எழுதிக் கொடுத்து அதன் படியைப் பெறுக. பின்னர் அவருடைய நாட்டுத் தூதரகத்தில் மாற்றுச் சீட்டுப் பெறுக. அதன்பின் வெளியேறும் அநுமதிக்கு அயல் நாட்டார் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க. வரிசை இதுவே. நோயினால் பிரயாணம் தடைப்படுமாயின், காலம் முடிந்தபின் ஓடாமல், முடிவதற்கு முன்னரே மருத்துவரின் சான்றோடு அதே அலுவலகத்தை அணுகுக. 2018 முதல் இவ்விண்ணப்பங்களை இணையத்தின் வழியே செய்ய இயலும். எல்லாவற்றிற்கும் நேரில் சென்று காத்து நிற்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். விசா வழங்குவதாகச் சொல்லி, அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் பல உள்ளன. ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும் முகவரியே இந்திய அரசாங்கத்தினுடையது. விதிகளும் அவ்வப்போது மாறுமாதலால், உறவினர் புறப்படுமுன் அத்தளத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

அடிக்கடி வந்துபோகும் உறவினருக்கு வேறொரு வழியும் உண்டு. இந்திய வம்சாவளியினர் உரிய சான்றுகளைக் காட்டி, அயல் நாட்டு இந்தியக் குடியினர் அட்டையைப் பெறலாம். அது வாழ்நாள் முழுதும் பன்முறை வந்துசெல்ல உதவும் விசா. 2005-ல் சட்டத்தில் இடம்பெற்ற இவ்வட்டை குடியுரிமையன்று, வாக்குரிமை தருவதன்று. சமயப் பிரசாரம், பத்திரிகைத் தொழில், ஆராய்ச்சி ஆகியவற்றிற்கு இவ்வட்டை உள்ளவரும் தனி அநுமதி பெற வேண்டும். ஆயினும் நாட்களை விரல்விட்டு எண்ணும் கவலை தீரும். பாட்டன் பாட்டியின் பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று போன்றவை இதற்குத் துணையாகலாம். ஆதலால் வீட்டுப் பெட்டியின் அடியிலுள்ள பழந்தாள்களைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள்.

இவ்விதிகள் நம் நாட்டுக்கே உரிய கடுமை என்று எவரும் நினைக்க வேண்டா. பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா செல்லும் மாதுங்காப் பாட்டிக்கும் இதே கணக்குத்தான். அவருடைய விசா பத்தாண்டு செல்லும். ஆனால் எந்நாள் வரை தங்கலாம் என்பதை வந்திறங்கும் இடத்து அதிகாரியே குறிக்கிறார். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. அங்கே நம் தாய்மார் இவ்விதிகளுக்கு அடங்கி நடக்கிறார்கள். மகனும் மருமகளும் நாட்காட்டியில் குறித்து வைத்துக் காக்கிறார்கள். அங்கே நம் பிள்ளைகள் நமக்காகச் செய்வதை, இங்கே நாம் விருந்தாளிக்காகச் செய்தல் முறையல்லவா?

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் காலத்து விருந்தினருக்கு உணவும் இன்முகமும் போதியனவாயிருந்தன. நம் காலத்து விருந்தினர் ஓர் அந்நிய அரசின் எல்லைக்குள் தாளொன்றை நம்பி நிற்கிறார். அவர் வந்திறங்கிய அன்றே, காப்பி கொடுத்த கையோடு, அந்தத் தாளை வாங்கிச் சிறிய எழுத்து உட்பட இருவரும் சேர்ந்து படியுங்கள். புறப்பட வேண்டிய நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் சிவப்பு மையால் குறியுங்கள். படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். அதன்பின் உறவாடுவதற்கு எத்தனை நாள் இருக்கிறதோ, அத்தனை நாளும் அச்சமின்றிக் கழியும். இவ்வாண்டு முறையோடு சென்றவருக்கு அடுத்த ஆண்டும் வருவதற்கு வழி திறந்திருக்கும்.